நல்ல நிறுவனங்களுக்கு மட்டும் வடிவமைத்துப் பிழைக்க முடியுமா?

கோலாலம்பூரில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்த நீங்கள், பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருக்கும் தோழியுடன் சேர்ந்து வரைகலை வடிவமைப்பு ஸ்டூடியோ ஒன்றைத் தொடங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். சமூகப் பொறுப்புள்ள நிறுவனங்களுக்கு மட்டும் வேலை செய்வது என்பது உங்கள் முடிவு. மலேசியாவில் அது நடக்குமா, பாதி விலைக்கு உழைக்க வேண்டியிருக்குமா, சமூகப் பொறுப்புள்ள நிறுவனங்களுக்குத் தரப்படும் பி கார்ப் சான்றிதழ் தேவையா, கோலாலம்பூரில் தொடங்குவதா பினாங்கிலா என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். நான்கையும் சேர்த்துப் படித்தால் எனக்கு ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது: மனசாட்சி உறுத்தாமல் மாத வாடகை கட்ட வழி இருக்கிறதா? அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். மற்றவை போகிற போக்கில் வந்துவிடும்.

என்னைப் பற்றி இரண்டு வரி. செந்தூலில் ஒரு சிறு ஸ்டூடியோ நடத்துகிறேன். அதற்கு முன் பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் தயாரிக்கும் இடத்தில் பக்க வடிவமைப்பாளராக இருந்தேன். நான் வழக்கறிஞர் அல்ல, கணக்காளரும் அல்ல. ஆகவே சட்டம், வரி பற்றி இங்கே எழுதுவதை ஒப்பந்தத்தில் ஏற்றும் முன் அந்தத் துறையினரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். இருபது முப்பது பேரை வைத்து நடத்தும் ஸ்டூடியோவின் கணக்கு வேறு. அங்கே என் அனுபவம் செல்லாது.

நடத்த முடியும். ஆனால் வாடிக்கையாளர்களைச் சலித்தெடுப்பதுதான் கொள்கை என்று வைத்துக்கொண்டால் அதிக நாள் தாங்காது. கொள்கையின் முக்கால் பங்கு விலைப்புள்ளியிலும் ஒப்பந்தத்திலும் அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பிலும் இருக்கிறது. யாருக்கு வேலை செய்வது என்பது பாதி சந்தை தீர்மானிக்கும் விஷயம். எப்படிச் செய்வது என்பது முழுக்க உங்கள் கையில்.

இந்த வாக்குவாதம் நம் தலைமுறைக்கு முந்தையது. 1964இல் லண்டனில் கென் கார்லண்ட் என்ற வடிவமைப்பாளர், எதற்கு முதலிடம் தருவது என்று தம் தொழில்துறையினரைக் கேட்டு ஓர் அறிக்கை வெளியிட்டார். அவரையும் சேர்த்து 22 பேர் அதில் கையெழுத்திட்டார்கள். பூனைத் தீனிக்கும் கோடு போட்ட பற்பசைக்கும் நம் திறமை போய்க்கொண்டிருக்கிறது. தெருப் பலகை, கையேடு, கல்விச் சாதனம், அறிவியல் வெளியீடு போன்றவற்றுக்கு அது போக வேண்டும் என்பது அதன் சாரம். 2000ஆவது ஆண்டையொட்டி 33 பேர் கையெழுத்துடன் அதைப் புதுப்பித்தார்கள். இந்த அறிக்கையை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். விளம்பரத்தை அடியோடு ஒழிக்கும்படி முதல் அறிக்கை கேட்கவில்லை. அது நடக்காத காரியம் என்று அவர்களே எழுதிவிட்டார்கள். முன்னுரிமையைத் திருப்பிப் போடுங்கள் என்றுதான் கேட்டார்கள். உங்கள் ஸ்டூடியோவுக்கும் அதுவே பொருத்தமான அளவுகோல் என்று நினைக்கிறேன். எல்லா வேலையும் தூய்மையாக இருக்க வேண்டியதில்லை. எந்த வேலைக்கு உங்கள் நல்ல நேரம் போகிறது என்பதைப் பாருங்கள்.

இனி நம் ஊர்ச் சந்தை. சமூகத் தொழில்முனைவு என்ற பெயரில் இயங்கும் நிறுவனங்கள் இங்கே வளர்ந்து வருகின்றன. 2022இல் தொழில்முனைவோர் மேம்பாடு, கூட்டுறவு அமைச்சு 2030 வரைக்குமான ஒரு செயல்திட்டத்தையும் வெளியிட்டது. இருந்தும் சமூக நிறுவனம் என்று தனியான சட்ட வடிவம் மலேசியாவில் கிடையாது. தனிநபர் வணிகம், செண்டிரியான் பெர்ஹாட் எனும் தனியார் நிறுவனம், கூட்டுறவு, சங்கம் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு சட்டையைப் போட்டுக்கொண்டு அதே வேலையைச் செய்கிறார்கள். ஆகவே பதிவுச் சான்றிதழைப் பார்த்து யார் சமூக நிறுவனம் என்று சொல்ல முடியாது. இவர்களில் பலர் மானியத்தை நம்பி இருப்பவர்கள். மானியம் வந்த மாதத்தில் கை தாராளமாக இருக்கும், அடுத்த அரையாண்டு வறண்டு கிடக்கும். விண்ணப்பம் எழுதும்போதே வடிவமைப்புக்கும் அச்சுக்கும் தனி வரி போடச் சொல்லுங்கள். அந்த வரி இல்லாவிட்டால், பணம் கிடைத்த பிறகு உங்களுக்கு மிஞ்சுவது நன்றிக் கடிதமாகத்தான் இருக்கும்.

கூட்டுறவுகளை மறந்துவிடாதீர்கள். துண்டாடல் காலத்தில் தோட்டங்கள் கைமாறித் தொழிலாளர்கள் வீடிழந்தபோது, அவர்களிடமே பங்குப்பணம் திரட்டித் தோட்டங்களை வாங்குவதற்காக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். சமூக நோக்கத்தோடு வணிகம் செய்வது நமக்கு இறக்குமதிச் சரக்கு அல்ல. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் பல பத்தாண்டுகளாகத் தமிழிலும் பயனீட்டாளர்களிடம் பேசி வருகிறது. இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு அறிக்கை, கையேடு, உறுப்பினர் படிவம் எல்லாம் ஓயாமல் தேவைப்படும். அழகான சின்னத்தைவிட, தட்டுத் தடுமாறாமல் நிரப்பக்கூடிய ஒரு படிவம் அங்கே பெரிய உதவி.

ஆனால் பணம் இருக்கும் இடம் வேறு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஆண்டறிக்கையில், சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் தாங்கள் செய்வதைச் சொல்லும் நிலைத்தன்மை அறிக்கையையும் சேர்க்க வேண்டும் என்று புர்சா மலேசியா 2015இல் அறிவித்து, 2016 முதல் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. அன்று தொடங்கி வடிவமைப்பாளர்களுக்கு ஒரு பருவத் தொழிலே உருவாகிவிட்டது. சமூகப் பொறுப்புள்ள நிறுவனம் என்று தன்னை அழைத்துக்கொண்டு, கேட்ட விலையைக் கொடுக்கும் வாடிக்கையாளர் பெரும்பாலும் இந்த வாசல் வழியாகத்தான் உங்களிடம் வருவார். செம்பனை எண்ணெய், கட்டுமானம், வங்கி, கையுறை என்று எந்தத் துறையும் இதற்கு விலக்கல்ல. அப்போது என்ன செய்வீர்கள் என்பதுதான் உங்கள் கொள்கைக்கு உண்மையான சோதனை.

நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊழியர் நலன் பக்கத்துக்கு ஒரு பட்டை வரைபடம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர்கள் 94 விழுக்காட்டிலிருந்து 97 விழுக்காட்டுக்கு உயர்ந்திருக்கிறார்கள். நிற்கும் அச்சைச் சுழியத்தில் தொடங்கினால் இரண்டு பட்டைகளும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். 92இல் தொடங்கினால் இரண்டாவது பட்டை முதலாவதைப் போல இரண்டரை மடங்கு உயர்ந்து நிற்கும். ஓர் எண்கூடப் பொய் இல்லை, படம் மட்டும் பொய் சொல்லும். இன்னொன்று, ஒப்பிடும் ஆண்டு. தொண்டூழிய மணி நேரம் பல மடங்கு கூடியதாக ஒரு பக்கம் பெருமையோடு சொல்லும். கீழே பொடி எழுத்தில் பார்த்தால் ஒப்பிட்டது 2020ஆம் ஆண்டோடு. அந்த ஆண்டு மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலில் இருந்தது. யாரும் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. இவற்றைச் செய்யச் சொல்லி யாரும் எழுத்தில் கேட்க மாட்டார்கள். “இந்தப் பக்கம் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே” என்பார்கள், அவ்வளவுதான். மந்தத்தைப் போக்கும் கை நம்முடையது.

ஆகவே அறிக்கை வேலையை ஒதுக்க வேண்டாம் என்பேன். அதற்கென்று ஓர் இணைப்புத் தாளை ஒப்பந்தத்தோடு கொடுங்கள். பட்டை வரைபடங்கள் சுழியத்தில் தொடங்கும். ஒப்பிடும் ஆண்டு வரைபடத்துக்குப் பக்கத்திலேயே, படிக்கக்கூடிய அளவில் நிற்கும். தொழிலாளர் படங்கள் அவர்கள் மொழியில் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகே அச்சேறும். வங்காளதேசத் தொழிலாளி ஒருவர் பாதுகாப்புத் தொப்பி அணிந்து சிரிக்கும் படம் எத்தனை அட்டைகளில் வந்திருக்கிறது! அவரிடம் கேட்டுத்தான் போட்டார்களா என்று எந்த வடிவமைப்பாளராவது விசாரித்திருப்பாரா? இந்தத் தாளைப் பார்த்து முகம் சுளிக்கும் வாடிக்கையாளர் தாமாகவே விலகிவிடுவார். நீங்கள் ஒரு வார்த்தை கடிந்து சொல்ல வேண்டியிருக்காது.

யார் உண்மையில் பொறுப்புள்ளவர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? இணையத்தில் அவர்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்துப் பயனில்லை. அதை எழுதிக் கொடுத்ததும் நம்மைப் போன்ற ஒருவர்தான். நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் சிறு கட்டணம் செலுத்தினால் எந்த நிறுவனத்தின் விவரத்தையும் எடுத்துப் பார்க்கலாம். இயக்குநர்கள் யார், கணக்கு ஒழுங்காகத் தாக்கல் ஆகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். என் வழக்கம் அதைவிட எளியது. அவர்களுக்கு முன்பு அச்சடித்துக் கொடுத்த அச்சகத்தில் விசாரிப்பேன். காசு எப்போது வந்தது, தவறு யார் தலையில் விழுந்தது, ஊழியரிடம் எப்படிப் பேசினார்கள் என்பது அச்சகக்காரருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்ட ஓர் அமைப்பு அச்சுக்கூலியை எட்டு மாதம் இழுத்தடித்த கதை இங்கே புதிதல்ல. அதே தெருவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கடை ஒன்று எந்தக் கொள்கையையும் பேசாமல், சமையல்காரருக்கு ஊழியர் சேமநிதியும் சொக்சோ எனும் சமூகக் காப்புறுதியும் மாதம் தவறாமல் கட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கடையின் உணவுப் பட்டியலை வடிவமைப்பது எனக்குக் குறைந்த வேலையாகப் பட்டதில்லை.

செய்யவே மாட்டோம் என்பவற்றின் பட்டியலைத் தோழியுடன் உட்கார்ந்து இப்போதே எழுதிவிடுங்கள். பணமுடை வந்த மாதத்தில் எழுதினால் அது பட்டியலாக இருக்காது. சிலவற்றைச் சட்டமே முடித்துவிட்டது: 2024 அக்டோபர் முதல் நடப்பிலுள்ள புகைபிடிக்கும் பொருள்கள் கட்டுப்பாட்டுச் சட்டம் சிகரெட்டோடு மின்சிகரெட் விளம்பரத்தையும் தடைசெய்கிறது. மீதியை நீங்கள் முடிவு செய்ய வேண்டும். சூதாட்டம், வட்டிக்கடை, தேர்தல் காலக் கட்சிப் பதாகை எல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். என் பட்டியலில் முதலிடம் முகத்தை வெளுப்பாக்கும் பூச்சுகளுக்கு. நம் பெண்பிள்ளைகளின் நிறத்தைக் குறையென்று சொல்லி விற்கும் பொருளுக்கு நான் ஏன் வண்ணம் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும்?

சின்ன வணிகர்களிடம் வேறு விதமான சிக்கல் வரும். மூலிகை எண்ணெய் தயாரிக்கும் ஓர் அம்மையார் லேபிளில் “நீரிழிவைக் குணப்படுத்தும்” என்று போடச் சொல்வார். ஏமாற்றும் எண்ணம் அவருக்குத் துளியும் இருக்காது. 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட பட்டியலிட்ட நோய்களுக்கு இப்படி விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. மருந்து விளம்பரங்களுக்கு அனுமதி வாங்கினால்தான் கேகேஎல்ஐயு என்று தொடங்கும் எண் கிடைக்கும். ஹலால் சின்னம், இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமோ மாநில இஸ்லாமிய சமய அமைப்போ தரும் சான்றிதழ் இல்லாமல் ஒட்டக்கூடாதது. கடைப் பலகையில் மலாய் முதன்மையாக இருக்க வேண்டும். கோலாலம்பூரில் பலகை உரிமம் கேட்கும்போது சொற்களை அரசின் மலாய் மொழி நிறுவனமான டேவான் பஹாசாவிடம் காட்டிச் சரிபார்க்க வேண்டியிருக்கும். இவற்றை அவருக்கு எடுத்துச் சொல்வது வடிவமைப்பாளர் வேலையா என்று கேட்பார்கள். அபராதம் வந்தால் கட்டப்போவது அவர். தெரிந்தும் சொல்லாமல் கோப்பை அனுப்பிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இப்போது விலை. பாதி விலை என்ற பேச்சுக்கு முன் முழு விலை எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்களை உங்கள் நிலைமைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இருவருக்கும் தலைக்கு 4,000 ரிங்கிட் சம்பளம் என்றால் 8,000. இந்தச் சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டிய சேமநிதி 13 விழுக்காடு, அதாவது 1,040. சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்து சுமார் 150. இடம், இணையம், மென்பொருள் சந்தா, கணக்காளர், கணினித் தேய்மானம் எல்லாம் ஒரு 3,000. மொத்தம் ஏறத்தாழ 12,200 ரிங்கிட். மாதத்துக்கு 22 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்றால் ஒருவருக்கு 176 மணி நேரம். அதில் பாதிதான் வாடிக்கையாளர் கணக்கில் எழுதக்கூடிய நேரம். மீதி விலைப்புள்ளி எழுதுவது, ஷா ஆலாம் வரை போய்வருவது, பாக்கி கேட்பது என்று கரைந்துவிடும். ஆக இருவருக்கும் சேர்த்து விற்கக்கூடியது 176 மணி நேரம். 12,200ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 70 ரிங்கிட்டுக்குச் சற்றுக் குறைவு. வேலை இல்லாத மாதத்துக்கும் வரிக்கும் அடுத்த கணினிக்கும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 85 என்று வைக்கலாம். சின்னமும் அதைச் சார்ந்த அட்டை, உறை, லேபிளும் 60 மணி நேர வேலை என்றால் 5,100 ரிங்கிட். இதற்குக் கீழே வாங்கும் ஒவ்வொரு ரிங்கிட்டும் உங்கள் சம்பளத்திலிருந்து நீங்கள் கொடுக்கும் நன்கொடை.

நன்கொடை கொடுக்கலாம், தாராளமாகக் கொடுங்கள், அளந்து கொடுங்கள். மாதத்தின் 176 மணி நேரத்தில் பத்தில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்குங்கள். பங்சாரில் ஒரு மகளிர் குழு 1,500 ரிங்கிட்தான் கொடுக்க முடியும் என்கிறதா? இன்வாய்ஸில் 5,100 என்று முழுத்தொகையை எழுதி, அடுத்த வரியில் கழிவு 3,600 என்று போட்டு, கடைசியில் 1,500 காட்டுங்கள். அந்தக் கழிவு ஏறத்தாழ 42 மணி நேரம். இரண்டரை மாத ஒதுக்கீடு அதோடு தீர்ந்தது. அடுத்து வருபவரிடம், ஒதுக்கீடு எப்போது திறக்கும் என்று சொல்லி வரிசையில் நிற்கச் சொல்லலாம். இதில் இரண்டு நன்மை. முழு விலை தெரிவதால் அடுத்த முறை மானியம் கேட்கும்போது அந்தக் குழு சரியான எண்ணை எழுதும். உங்களுக்கும் முடியாது என்று சொல்வது எளிதாகிவிடும். சலுகை விலையானாலும் ஒப்பந்தம் அதே ஒப்பந்தமாக இருக்கட்டும்: இரண்டு சுற்றுத் திருத்தம், முடிவு சொல்ல ஒரே ஆள், முன்பணம். ஒரு காசும் வாங்காமல் செய்த வேலைக்குத்தான் செயற்குழுவில் இருக்கும் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு வண்ணம் சொல்வார்கள்.

ஒப்பந்தம் பற்றிய ஒரு செய்தியை உறுதியாகச் சொல்ல முடியும், பலருக்கு இது தெரியாது. 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26ஆவது பிரிவுப்படி, ஒருவர் சொல்லிச் செய்த படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்கு மாறியதாகவே கருதப்படும். இணையத்தில் கிடைக்கும் ஆங்கில மாதிரி ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பிரிட்டன், அமெரிக்கா போன்ற நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அங்கே வெளியாளாக இருந்து செய்த வேலையின் உரிமை பொதுவாகப் படைத்தவரிடமே தங்கும். அந்த நினைப்பில் எதுவும் எழுதாமல் விட்டால் இங்கே பாக்கி வைத்துவிட்டுப் போனவரிடமே உரிமையும் போய்விடும். முழுத் தொகையும் வந்து சேர்ந்த பிறகே உரிமை மாறும் என்று ஒரு வரி எழுதுங்கள். இலவசமாகப் போட்டிக்கு வரைந்து காட்டச் சொல்லும் அழைப்புகளுக்கும் இதே காரணத்தால் நான் போவதில்லை. பழைய வேலைகளைக் காட்டுவேன், பேசுவேன், வரைய மாட்டேன்.

உங்கள் வீட்டுக்குள்ளும் இதே கண்ணாடியைத் திருப்புங்கள். பயிற்சி மாணவரைச் சம்பளமில்லாமல் உட்கார வைத்து, நியாய வணிகத்துக்குச் சுவரொட்டி செய்யக்கூடாது. ஊழியர்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். 2025 ஆகஸ்ட் முதல் ஐந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்கும் இது பொருந்தும். வாரத்துக்கு 45 மணி நேரம் என்பது 2023 முதல் சட்டம். விளம்பர நிறுவனத்திலிருந்து வரும் உங்களுக்கு அந்த எண்ணைப் பார்த்தால் சிரிப்பு வரலாம். மென்பொருளையும் எழுத்துருவையும் காசு கொடுத்து வாங்குவதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

எழுத்துரு என்றதும் தமிழைப் பற்றிச் சொல்லாமல் விட முடியவில்லை. பன்மொழித் துண்டறிக்கைகளில் மலாயும் ஆங்கிலமும் சீனமும் திருத்தமாக நிற்கும்; தமிழ்ப் பத்தி மட்டும் நொறுங்கிக் கிடக்கும். டெங்கிக் காய்ச்சல் பற்றிய அறிவிப்பில் “கொசு” என்ற சொல்லின் ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வடிவமைப்பாளருக்குத் தமிழ் தெரியாது, மென்பொருளுக்கும் யாரும் சொல்லவில்லை. இன்டிசைனில் பத்தியமைப்பை உலக மொழிகளுக்கான கம்போசருக்கு மாற்றினால், இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான வசதியை அமைப்புகளில் திறந்துவிட்டால், கொம்பு தன் இடத்துக்கு வந்துவிடும். ஒரு நிமிட வேலை. தரமான எழுத்துருவுக்கும் பஞ்சமில்லை: கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய நோட்டோ, கட்டமரன், முக்த மலர் இருக்கின்றன. ஆப்பிள் கருவிகளோடு வரும் இணைமதியும் சங்கமும் நம் ஊர் முத்து நெடுமாறன் உருவாக்கியவை. தமிழ் எழுத்து உயரமும் அகலமும் கூடியது என்பதால் ஆங்கிலத்துக்கு விட்ட அதே கட்டத்துக்குள் அதை அடைக்காதீர்கள்; வரி இடைவெளியைக் கூட்டுங்கள். பின்னணிக்கும் எழுத்துக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளிமாறுபாடாவது இருக்கட்டும். சாம்பல் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து அழகுதான், அதைப் படிக்க வேண்டியவர் அறுபது வயது தாண்டியவராக இருந்தால் அந்த அழகு யாருக்கு? நீங்களும் தோழியும் தமிழ் படித்தவர்கள். நகரத்துப் பெரிய ஸ்டூடியோக்களால் எளிதில் தர முடியாத சரக்கு உங்களிடம் இதுதான்.

அச்சுப் பக்கம் சுருக்கமாக. பொறுப்போடு பராமரிக்கும் காடுகளிலிருந்து வந்தது என்று சான்று பெற்ற எஃப்எஸ்சி தாள் வாங்கிவிட்டால் அந்தச் சின்னத்தைப் போடலாம் என்று நினைப்பது தவறு. அச்சகத்துக்கும் அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் போடலாம். பிளாஸ்டிக் லேமினேஷன் தாளை மறுசுழற்சிக்கு உதவாததாக்கிவிடும். ஒரு வாரம் உயிர்வாழும் துண்டறிக்கைக்கு அது எதற்கு? தைப்பூசத்தில் பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் தண்ணீர்ப் பந்தல்களில் தொங்கும் பிவிசி பண்டிங்குகளை, அதாவது பிளாஸ்டிக் பதாகைகளைக் கவனியுங்கள். ஆண்டும் தேதியும் நடுவில் பெரிதாக அச்சாகியிருப்பதால் மறுநாளே அவை குப்பை. ஆண்டு இல்லாமல் அச்சடித்து, தேதிக்கு மட்டும் கீழே மாற்றக்கூடிய ஒரு பட்டையைத் தைத்துக் கொடுத்தால் அதே பதாகை நாலைந்து பூசங்களுக்கு வரும். அச்சுக்கூலி குறைவதால் வாடிக்கையாளர் மறுப்பதில்லை. சுற்றுச்சூழல் என்ற பேச்சையே எடுக்க வேண்டியிருக்காது.

பி கார்ப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதை நடத்தும் பி லேப் 2006இல் அமெரிக்காவில் தொடங்கியது. 80 புள்ளி எடுத்தால் போதும் என்ற பழைய முறையை மாற்றி, 2025இல் ஒவ்வொரு தலைப்பிலும் குறைந்தபட்சத் தகுதியைக் கேட்கும் புதிய தரநிலையை அறிவித்தது. இரண்டு பேர் ஸ்டூடியோவுக்கு முதல் ஆண்டில் அதற்குச் செலவழிக்கும் நேரமும் கட்டணமும் தகாது என்பது என் எண்ணம். அதன் கேள்விப் பட்டியலை மட்டும் எடுத்துப் படியுங்கள். உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளும் தேர்வாக அது நல்லது. வெளிநாட்டு வாடிக்கையாளரைக் குறிவைத்தால் சான்றிதழின் மதிப்பு கூடலாம்.

இதுவரை சொன்ன சட்டமும் கணக்கும் உறுதியானவை. உறுதியில்லாதது ஒன்று உண்டு: கொள்கையைப் பார்த்து வாடிக்கையாளர் வருவாரா என்பது. என்னிடம் வந்தவர்கள் பெரும்பாலும் வேறொருவர் சொல்லி வந்தவர்கள். சொன்ன தேதியில் வேலை முடியும் என்பதற்காக வந்தவர்கள். கொள்கைக்காக வந்தோம் என்று சொன்னவர்கள் சிலர் உண்டு, விலையைக் கேட்டதும் அவர்களில் பாதிப்பேர் யோசிக்கப் போனார்கள். கொள்கை ஆட்களைக் கொண்டுவருகிறதா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. வந்தவர்களைத் தங்க வைக்கிறது என்பதில் சந்தேகம் குறைவு. நல்ல வடிவமைப்பாளர்கள் குறைந்த சம்பளத்துக்கும் உங்களிடம் இருக்க விரும்புவார்கள் என்று சிலர் சொல்வார்கள். அதை நம்பிச் சம்பளத்தைக் குறைக்காதீர்கள்.

கடைசியாக ஊர். பட்டியல் நிறுவனங்களின் தலைமையகங்களும் அறிக்கை வேலையும் கோலாலம்பூர் வட்டாரத்தில் குவிந்திருக்கின்றன. அமைச்சுகள் பக்கத்தில் புத்ராஜெயாவில். ஜார்ஜ்டவுன் 2008இல் யுனெஸ்கோ மரபுடைமைப் பட்டியலில் ஏறியது முதல் கலை, மரபு சார்ந்த சிறு வணிகங்களுக்கும் விழாக்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. பயனீட்டாளர், சுற்றுச்சூழல் அமைப்புகளின் பழைய வேரும் அங்கேதான். உங்களுக்கு இரண்டு ஊரிலும் ஆள் இருக்கும்போது ஒன்றை ஏன் விட வேண்டும்? முதல் ஆண்டு அலுவலகம் எடுக்காதீர்கள். பட்டர்வொர்த் நிலையத்தில் இடிஎஸ் ரயில் ஏறினால் தோழி கேஎல் சென்ட்ரலில் இறங்கிவிடலாம். மாதம் ஒரு முறை நேரில் பார்த்தால் போதும். சாதாரணக் கூட்டு வணிகமென்றால் தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும். இருவர் கூட்டு என்பதால் வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மையா, செண்டிரியான் பெர்ஹாடா என்று ஒரு கணக்காளரைப் பாருங்கள். ஒருவர் விலகினால் பெயரும் கோப்புகளும் வாடிக்கையாளர்களும் யாருக்கு என்ற பத்தியையும் அன்றே எழுதிக் கையெழுத்திடுங்கள்.